தனி பவர் ஆம்ப்ளிஃபையர் தேவையா? வாங்கும் முன் ஒரு கணக்கு

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் தேநீருக்குப் பிறகு பேசியது. எண்களைக் குறித்துக்கொள்ள முடியவில்லை என்று சிலர் சொன்னதால், பேச்சை அப்படியே எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் போன வாரம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "சார், நம்ம பிளாக்கில் நாலைந்து வீட்டில் ஹோம் தியேட்டருக்குத் தனியாகப் பவர் ஆம்ப்ளிஃபையர் வாங்கணும்னு பேசிக்கிறாங்க. நீங்க ஏற்கெனவே வாங்கினவர். பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார். புகார்ப் புத்தகத்தில் கடந்த இரண்டு காலாண்டுகளில் லிஃப்டைவிட அதிகமாக இடம்பிடித்திருப்பது இரவுச் சத்தமாம். இரண்டையும் சேர்த்தே பேசிவிடுகிறேன்.

நான் இஞ்ஜினியர் இல்லை. பி.காம் படித்து, வங்கியில் முப்பத்தைந்து வருஷம் கிளார்க்காகக் கவுண்ட்டரில் உட்கார்ந்தவன். இந்த விஷயத்தில் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, 80,000 ரூபாய் கொடுத்துத் தப்பாக வாங்கியதுதான். அந்தக் கதை கடைசியில் வரும். முதலில் கணக்கு.

என் வயதுக்காரர்களுக்கு ஆம்ப்ளிஃபையர் புதிதல்ல. டேப் ரிக்கார்டர் காலத்தில் ரேடியோ மெக்கானிக்கிடம் சொல்லி 4440 ஐ.சி. போட்டு ஒரு பெட்டி அசெம்பிள் செய்வோம். ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் கவிழ்த்துப் பொருத்தி அறை மூலையில் வைப்போம். ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துக் கேசட்டில் பதிந்து வாங்கி வருவோம். பானையிலிருந்து 'தும் தும்' என்று பேஸ் வந்தால் அதுதான் உலகத்தரம். அந்த ஆசைதான் இன்று சோபாவைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கராக, ஏழு ஸ்பீக்கராக வளர்ந்து நிற்கிறது. அதனால் இந்த ஆசையை நான் கேலி செய்யவில்லை. எனக்கும் உண்டு.

சரி, பவர் ஆம்ப்ளிஃபையர் என்றால் என்ன? நீங்கள் கடையில் வாங்கும் ஏ.வி. ரிசீவர் மூன்று வேலை செய்கிறது. படத்தின் டால்பி, டி.டி.எஸ். ஒலியைப் பிரித்து எந்த ஸ்பீக்கருக்கு எது என்று ஒதுக்குவது முதல் வேலை. வால்யூம், பேஸ், ட்ரெபிள் போன்றவற்றைக் கட்டுப்படுத்துவது இரண்டாவது. ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு மின்சக்தி கொடுப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வேலையை மட்டும் பிரித்து, தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, தனிப் பெட்டியில் போட்டால் அதுதான் பவர் ஆம்ப்ளிஃபையர்.

பிரிப்பதில் என்ன லாபம்? எங்கள் கிளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கவுண்ட்டர். ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் வரை பணம் தரலாம். ஆனால் பெட்டகத்தில் அன்றைய இருப்பு மூன்று லட்சம்தான். சாதாரண நாளில் யாருக்கும் இது தெரியாது. ஒருவர் ஐந்நூறு எடுப்பார், இன்னொருவர் இரண்டாயிரம் எடுப்பார். தீபாவளி போனஸ் நாளில் ஐந்து கவுண்ட்டரிலும் ஒரே நேரத்தில் ஒரு லட்சம் கேட்டால்தான் மேனேஜர் வியர்ப்பார். ரிசீவரும் அப்படியே. ஐந்து அல்லது ஏழு கவுண்ட்டர், ஆனால் உள்ளே ஒரே டிரான்ஸ்ஃபார்மர். சண்டைக் காட்சியில் எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் கேட்டால் இருப்பு போதாமல் போகலாம். அப்போது ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். காதுக்கு அது கரகரப்பாக, எரிச்சலாகத் தெரியும். தனி பவர் ஆம்ப்ளிஃபையர் வாங்குவது, கூட்டம் அதிகமுள்ள இரண்டு மூன்று கவுண்ட்டருக்குத் தனிப் பெட்டகம் கட்டிக் கொடுப்பது போல.

அடுத்த கேள்வி, நம் வீட்டுக்கு அந்தக் கூட்டம் வருகிறதா? இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம், நான் உட்பட.

ஸ்பீக்கரின் கையேட்டில் 'சென்சிடிவிட்டி' என்று ஒரு எண் இருக்கும். 88 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில், 88 டெசிபல் சத்தம் வரும் என்று அர்த்தம். நம் ஹாலில் சோபாவுக்கும் ஸ்பீக்கருக்கும் சுமார் பத்தடி, அதாவது மூன்று மீட்டர். அந்தத் தூரத்துக்கு ஒன்பதரை டெசிபல் கழியும். திறந்தவெளிக் கணக்கு இது. அறைக்குள் சுவர் எதிரொலி சேர்வதால் இவ்வளவு கழியாது. ஆனாலும் கஞ்சத்தனமாகவே கணக்குப் போடுவோம். ஒரு வாட்டுக்கு உங்கள் காதில் 78.5 டெசிபல். நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 டெசிபல் அளவு. ஆக, ஒரே ஒரு வாட்டில் பேச்சைவிட நன்றாகவே உரத்த சத்தம் வந்துவிட்டது.

இனி 10 வாட் கொடுத்தால் 88.5. 100 வாட் கொடுத்தால் 98.5. கவனியுங்கள், வாட் பத்து மடங்கானால் டெசிபல் பத்துதான் கூடும். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும், அவ்வளவுதான். 100 வாட்டை 200 வாட் ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். பேசிக்கொண்டே கேட்டால் தெரியாது. பி.காமில் கூட்டு வட்டிக்கு லாக் டேபிள் புரட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். விலை இரட்டிப்பாகும், பலன் மூன்று டெசிபல்.

நீங்களே சோதிக்கலாம். போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். துல்லியமாக இருக்காது, நமக்குப் போதும். நீங்கள் வழக்கமாக வைக்கும் வால்யூமில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, பெரிய சண்டைக் காட்சி ஒன்றை ஓட விடுங்கள். உச்சத்தில் 95 டெசிபல் காட்டுகிறது என்றால், மேலே சொன்ன ஸ்பீக்கருக்கு அந்த நொடியில் தேவைப்பட்டது சுமார் 45 வாட். மற்ற நேரமெல்லாம் ஒன்று, இரண்டு வாட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓரளவு நல்ல ரிசீவருக்கு இது பெரிய வேலையே இல்லை.

தியேட்டர் அளவுக்கு வேண்டும் என்பவர்களுக்கும் கணக்கு உண்டு. சினிமாவுக்கான அளவுகோலில் ஒவ்வொரு முன் ஸ்பீக்கரும் உச்சத்தில் 105 டெசிபல் தரவேண்டும். நம் ஹாலில், அதே ஸ்பீக்கரில், அதற்கு 400 வாட்டுக்கு மேல் வேண்டும். ரத்னா தியேட்டரிலும் பாலாஜி தியேட்டரிலும் கேட்ட அதிர்வை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்பவர், பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். தியேட்டரின் சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய படுக்கையறையும் இல்லை.

இனி, கடைக்காரர் சொல்லும் வாட்டை எப்படிப் படிப்பது? பி.எம்.பி.ஓ. என்று ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? உள்ளங்கை அகல ஸ்பீக்கர் ஒட்டிய டேப் ரிக்கார்டரில் '2000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று வெள்ளி எழுத்தில் இருக்கும். அது கணக்கில் வராத எண். கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. வீட்டு ஆம்ப்ளிஃபையரின் வாட்டை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் 1974-லேயே விதி போட்டார்கள் என்றால், விளம்பர எண்கள் எவ்வளவு தாராளமாக இருந்திருக்கும் என்று பாருங்கள்.

ஆர்.எம்.எஸ். எண்ணுக்கும் பக்கத்தில் நான்கு நிபந்தனை இருக்கும். எத்தனை ஓமில், எந்த அலைவரிசையில், எத்தனை சேனல் ஒரே நேரத்தில் இயங்கும்போது, எவ்வளவு சிதைவில் என்பவையே அவை. ஒரு உதாரணம் பாருங்கள். '165 வாட், 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 1 சேனல், 10 சதவீதச் சிதைவு.' இன்னொன்று: '90 வாட், 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 2 சேனல், 0.08 சதவீதச் சிதைவு.' இந்த இரண்டும் ஒரே பெட்டியைப் பற்றிய எண்ணாகவே இருக்கலாம். இரண்டாவதுதான் தணிக்கைக்கு நிற்கும் எண். ஃபிக்சட் டெபாசிட் பத்திரத்தில் சிறிய எழுத்தைப் படிக்கச் சொல்வேனே, அதே பழக்கம் இங்கேயும் உதவும்.

அப்படியானால் யாருக்குத்தான் தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும்? எனக்குத் தெரிந்து நான்கு வகையினருக்கு.

ஒன்று, 4 ஓம் ஸ்பீக்கரோ, சென்சிடிவிட்டி 84, 85 என்று குறைவான ஸ்பீக்கரோ வைத்திருப்பவர்கள். 4 ஓம் ஸ்பீக்கர், 8 ஓமைப்போல இரண்டு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். சென்சிடிவிட்டி 3 டெசிபல் குறைந்தால், அதே சத்தத்துக்கு வாட் இரண்டு மடங்கு வேண்டும்.

இரண்டு, இரண்டு ஃபிளாட்டைச் சேர்த்து ஹாலைப் பெரிதாக்கியவர்கள். ஸ்பீக்கரிலிருந்து பதினைந்து இருபதடி தள்ளி உட்காருபவர்கள்.

மூன்று, உரத்த காட்சியில் ரிசீவர் தானாக அணைந்து 'புரொடெக்ட்' என்று காட்டுபவர்கள். ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஸ்பீக்கர் ஒயரின் ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது ரிசீவரைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில் அடைத்து, மேலே கொலு பொம்மையையும் வைத்திருக்கலாம். காற்று போக மேலே அரையடியாவது விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நான்கு, கூரையில் ஸ்பீக்கர் மாட்டி அட்மாஸ் செய்பவர்கள். சில ரிசீவர்கள் ஒன்பது சேனலுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும். ஆனால் ஏழு சேனலுக்குத்தான் உள்ளே ஆம்ப்ளிஃபையர் இருக்கும். மீதி இரண்டுக்கு வெளியிலிருந்து கொடுக்க வேண்டும்.

இந்த நான்கில் நீங்கள் இல்லை என்றால், முதலில் பணம் செலவில்லாத ஒரு வேலை செய்யுங்கள். ரிசீவரின் மெனுவில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து, பிரிப்பு அலைவரிசையை 80 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். கனமான பேஸ் முழுவதும் சப்வூஃபருக்குப் போய்விடும். சப்வூஃபருக்குப் பெரும்பாலும் சொந்த ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கிறது. ரிசீவரின் பெரிய சுமை இறங்கிவிடும். ஸ்பீக்கர் பெரிதாக இருக்கிறதே என்று 'லார்ஜ்' வைத்திருப்பதுதான் பல வீடுகளில் நடப்பது.

வாங்குவதென்றே முடிவு செய்தவர்கள் பார்க்க வேண்டியவை சில.

முதலில் ரிசீவரின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'ப்ரீ அவுட்' என்ற துளைகள் இருக்கின்றனவா? சப்வூஃபருக்கு மட்டும் இருந்தால் போதாது. இடது, வலது, நடு ஸ்பீக்கர்களுக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் பவர் ஆம்ப்ளிஃபையரை முறையாக இணைக்க வழியே இல்லை. விலை குறைந்த ரிசீவர்கள் பலவற்றில் இது இருக்காது. இதைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஏழு சேனலுக்கும் வாங்க வேண்டாம். படத்தின் கனம் முன்னால் இருக்கும் மூன்று ஸ்பீக்கரில்தான். மூன்று சேனல் பெட்டி போதும். பின் ஸ்பீக்கர்களை ரிசீவரே பார்த்துக்கொள்ளும்.

'கிளாஸ் ஏபி' என்பது பழைய முறை. பெரிய டிரான்ஸ்ஃபார்மர், நல்ல எடை. சும்மா இருக்கும்போதும் சூடாகும். 'கிளாஸ் டி' என்பது எடை குறைவு, இழுக்கும் மின்சாரத்தில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்குக் கொடுக்கும், சூடு குறைவு. நம் ஊர் மே மாதத்துக்கும், சின்ன ஹாலுக்கும் கிளாஸ் டி வசதி என்பது என் கருத்து. நன்றாகச் செய்யப்பட்டால் இரண்டுக்கும் கேட்பதில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அறுபது தாண்டிய காதை நம்பவும் முடியாது, அதற்கு வருகிறேன்.

கல்யாண மண்டபத்தில் பார்க்கும் அஹூஜா போன்ற மைக் செட் ஆம்ப்ளிஃபையர் வாட் கணக்கில் மலிவாக இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். 1940-லிருந்து இருக்கும் கம்பெனி, அதன் வேலைக்கு அது உழைக்கும். ஆனால் அந்த வகைப் பெட்டியில் இருக்கும் 100 வோல்ட் லைன் முனை, தூரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்களுக்கானது. அதில் வீட்டு ஸ்பீக்கரை மாட்டினால் ஸ்பீக்கர் போய்விடும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் அசெம்பிள் செய்பவர்கள் இன்னும் உண்டு. '5200, 1943 போட்டுத் தர்றேன் சார்' என்பார். அவை நல்ல டிரான்சிஸ்டர்கள்தான், ஆனால் போலி நிறைய. அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை வி.ஏ.? ஸ்பீக்கர் புரொடெக்ஷன் போர்டு உண்டா? அந்த போர்டு இல்லாமல் ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால், டி.சி. மின்சாரம் நேராக ஸ்பீக்கருக்குள் போய் சுருளை எரித்துவிடும். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து ஐம்பதாயிரம் ரூபாய் ஸ்பீக்கரை இழக்கக் கூடாது.

நம் ஊருக்கென்று சில சங்கதிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையிலும், ஊரைக் காலி செய்து போகும் வெளிநாட்டுக்காரர்களிடமும் பழைய ஆம்ப்ளிஃபையர் கிடைக்கும். முதலில் பின்பக்கத்தில் வோல்ட்டைப் பாருங்கள். அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ செய்த 120, 100 வோல்ட் பெட்டியை நம் 230-இல் செருகினால் கண் முன்னாலேயே புகையும். பிரான்சிலிருந்து வந்தது என்றால் வோல்ட் பிரச்சினை இல்லை, அங்கேயும் 230தான். சொல்தா குடும்பங்களில் அப்படிக் கொண்டுவந்த பொருள்கள் நிறைய இருக்கும். ஆனால் அந்த பிளக் வேறு. அதற்கான எர்த் கம்பி அவர்கள் ஊர் சாக்கெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். நம் சாக்கெட்டில் இருக்காது. இரண்டு குச்சி உள்ளே போய்விட்டது, ஓடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்துடன் மூன்று முனை பிளக் மாற்றிக்கொள்ளுங்கள். உலோகப் பெட்டி அது.

கடல் காற்று அடுத்தது. பால்கனி கதவைத் திறந்தே வைக்கும் வீடுகளில் ஸ்பீக்கர் ஒயரின் செம்பு ஒரு வருஷத்தில் பச்சை பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, இறுக்கி மாட்டுங்கள். ஒயர் வாங்கும்போது முழுச் செம்பா, அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சா என்று கேட்டு வாங்குங்கள். 14 அல்லது 16 கேஜ் போதும். அதற்கு மேல் ஒயருக்குக் கொட்டும் பணம் கடைக்காரருக்கு லாபம்.

இன்வெர்ட்டர் லைனில் பவர் ஆம்ப்ளிஃபையரை மாட்ட வேண்டாம். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஆன் செய்த நொடியில் இழுக்கும் மின்சாரம் இன்வெர்ட்டரை விழவைக்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் 'ம்ம்ம்' என்ற முனகலும் சேரும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஆம்ப்ளிஃபையரையும் சப்வூஃபரையும் வெறும் தரையில் வைக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் ரிமோட்டில் அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள்.

இப்போது என் கதை.

நான் வாங்கியது மூன்று வருஷத்துக்கு முன்னால். காரணம் சினிமா ஆசை இல்லை, என் மனைவி. படம் பார்க்கும்போது ஒவ்வொரு வசனத்துக்கும், "என்ன சொன்னான்?" என்பாள். நான் வால்யூமைக் கூட்டுவேன். அடுத்து சண்டை வரும், வீடு அதிரும், குறைப்பேன். மறுபடி பேச்சு, "என்ன சொன்னான்?" கடையில் போய்ச் சொன்னேன். "ரிசீவருக்குத் திராணி இல்லை சார், தனி பவர் ஆம்ப் போட்டால் டயலாக் தெளிவாகிவிடும்" என்றார்கள். நான் ஒரு கணக்கும் போடவில்லை. மற்றவர்களின் கடன் விண்ணப்பத்தில் பத்து இடத்தில் வட்டம் போட்டவன், என் பணத்தை ஒரே மாலையில் கொடுத்துவிட்டு வந்தேன். 22 கிலோ பெட்டி வந்து இறங்கியது. சத்தம் கூடியது. அவள் கேள்வி மாறவில்லை.

நான் இன்னும் கூட்டினேன். ஒரு நாள் இரவு பத்தேகாலுக்குக் காலிங் பெல். கீழ் வீட்டு மருமகள் நின்றுகொண்டிருந்தது. கோபமாகக்கூடப் பேசவில்லை. "அங்கிள், அத்தைக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்காங்க. கட்டில் அதிருது, பூகம்பமான்னு கேட்டு அழுவுறாங்க" என்றது. அந்த அம்மாவின் கையால் எத்தனையோ நாள் காபி குடித்திருக்கிறேன். அன்றைக்கு அணைத்ததுதான், ஒரு மாதம் தொடவில்லை. (அவர்கள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.)

பொங்கலுக்கு என் தம்பி மகன் வந்தான். சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. விஷயத்தைச் சொன்னேன். அவன் ஆம்ப்ளிஃபையரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பெரியப்பா, வசனம் முக்காலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். அதை டி.வி.க்குக் கீழே ஷோகேஸ் தட்டுக்குள்ள தள்ளி வச்சிருக்கீங்க" என்றான். முன்னால் இழுத்து, காதுக்கு நேராகக் கொஞ்சம் சாய்த்து வைத்தான். மெனுவில் நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் கூட்டினான். 'நைட் மோட்' என்று ஒன்று இருக்கிறது. உரத்த சத்தத்தைத் தாழ்த்தி, மெல்லிய பேச்சை உயர்த்தும். அதைப் போட்டான். மூலையில் சுவரை ஒட்டி இருந்த சப்வூஃபரை வெளியே நகர்த்தி, அடியில் தடித்த ரப்பர் மெத்தை வைத்து, அளவைப் பாதியாக்கினான். மொத்தச் செலவு ரப்பருக்கு மட்டும். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது.

அப்போது சமையலறையில் வாஷிங் மெஷின் முடிந்து 'பீப் பீப்' என்றது. அவன் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து, என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "பெரியம்மா பக்கத்துலதான் நின்னாங்க. திரும்பவே இல்லை."

யோசித்துப் பார்த்தேன். பேத்தி வீடியோ காலில் ஒன்று கேட்டால் இவள் வேறொன்று சொல்வாள். நாங்கள் எல்லோரும் சிரிப்போம், அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவள் சிரித்தது கேட்காததை மறைக்க என்று எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும்.

காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போனோம். கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஆடியோகிராம் எடுத்தார்கள். வயதானால் முதலில் போவது உயர்ந்த அலைவரிசை என்று விளக்கினார். உயிரெழுத்தின் சத்தம் கேட்கும். ச, த, ப, க போன்ற எழுத்துகளைப் பிரித்தறியும் கூர்மை போய்விடும். அதனால் 'சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல' என்பார்கள். இதற்கு வாட்டைக் கூட்டினால் தெளிவு வராது, சத்தம்தான் வரும். நான் 80,000 ரூபாய்க்கு வாங்கியது அதைத்தான்.

இரண்டு காதுக்கும் கருவி வைத்தாகிவிட்டது. முதல் பத்து நாள் கழற்றிக் கழற்றி வைத்தாள். இப்போது படத்தில் நான் தவறவிட்ட வசனத்தை எனக்குச் சொல்கிறாள். என் காதையும் சோதித்தார்கள். இடது காது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அறுபது தாண்டியவர்கள் ஆம்ப்ளிஃபையர் கடைக்குப் போகும் முன் ஒருமுறை காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஜிப்மர் இருக்கும் ஊரில் அதற்கு அலைய வேண்டியதில்லை.

கடைசியாகச் சங்கத்துக்கு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு அனுமதித்த அளவு பகலில் 55 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45. நம் வீட்டு ஒலிக்கருவியின் சத்தம் நம் எல்லையில் அந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. சட்டம் இருக்கட்டும், காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பேச்சும் பாட்டும் கதவை மூடினால் பெரும்பாலும் நின்றுவிடும். பேஸ் நிற்காது. அது காற்றில் போவதோடு தரை வழியாக, காங்கிரீட் வழியாக இறங்கும். அதனால் உங்களுக்குச் சாதாரணமாக இருப்பது கீழே கட்டிலை ஆட்டும். என் யோசனை இது: ஒன்பதரைக்குப் பிறகு நைட் மோட், சப்வூஃபருக்கு அடியில் ரப்பர், பத்து மணிக்கு சப்வூஃபர் ஆஃப். புதிதாக செட் வாங்குபவர், வாங்கிய வாரமே ஒருநாள் கீழ் வீட்டுக்காரர் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, தன் வீட்டில் படத்தை ஓடவிட்டுக் கேட்டுப் பார்க்கட்டும். நான் பிறகு அப்படித்தான் செய்தேன். அந்த அம்மா காபியும் கொடுத்தார்கள்.

நம் காதுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். லாக் டேபிள் இங்கேயும் வருகிறது.

என் பவர் ஆம்ப்ளிஃபையர் இப்போதும் வீட்டில் இருக்கிறது, பெட்டியோடு. விற்க மனமில்லை, மாட்டத் தேவையில்லை. உங்களில் 4 ஓம் ஸ்பீக்கர் உள்ளவரோ, கணக்குப் போட்டும் வாட் போதவில்லை என்று தெரிந்தவரோ இருந்தால், ஒரு வாரம் கொண்டுபோய் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் புதிதாக வாங்குங்கள். தெரியாவிட்டால் அந்தப் பணம் மிச்சம். வாடகை கிடையாது. 22 கிலோ என்பதால் இரண்டு பேராக வரவேண்டும். ரிசீவரில் ப்ரீ அவுட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பின்வரிசையில் இருந்தவர்களுக்கு நான் பேசியது கேட்டதா என்று தெரியவில்லை. கேட்கவில்லை என்றால், மைக்கை மட்டும் குறை சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். வணக்கம்.